உப்பலில் ஒரு சொல்வதெழுதுதல்

"அவசரம்" என்றேன். ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி என் முகத்தைக் கவலையோடு பார்த்தார். "ஏம் அவசரம், மேடம்?"

ஏழு மணிக்கு உப்பலில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் எதிரே இருந்த மருந்துக் கடையைக் காட்டினார். நான் தலையாட்டாததால் பக்கத்துத் தண்ணீர்க் கடையைக் காட்டினார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு பெட்ரோல் பங்க்கின் கழிப்பறையையும் காட்டினார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எனக்கு என்னதான் தேவை என்று அந்த நல்ல மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஓ, தொந்தரா?" என்று சிரித்தார். தொந்தரவா என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே தெலுங்குச் சொல்லையும் கூட்டிக்கொண்டு, "தொந்தர லேது, தொந்தர லேது" என்று கும்பிட்டேன். அதன்பின் அவர் வண்டியை ஓட்டவில்லை, தாலாட்டினார். பாறைகள் வந்தன. வீட்டளவு, யானையளவு, ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ அடுக்கிவிட்டு மறந்துபோனதைப் போல நின்றன. அவற்றுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. எட்டேகாலுக்கு உப்பல் வந்தது.

"தொந்தர லேதுன்னா சொன்னே? அவசரமே இல்லைன்னு சொல்லியிருக்கேடி!" கல்பனா வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்லூரியில் என் பக்கத்துப் பெஞ்சு. பதினெட்டு வருஷமாக ஹைதராபாத்தில் மென்பொருள் வேலை. சிரிப்பு மட்டும் ஈரோட்டிலிருந்து கிளம்பியபோது இருந்ததுதான்.

நான் வந்தது அவள் கூப்பிட்டதால். ஈரோட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம். நூலகம், பள்ளிக்கூடம், மகளிர் குழு, நடைப்பயிற்சிக்காரர்களின் சிமெண்டு பெஞ்சு, எங்கே விடுகிறார்களோ அங்கே போய் உட்கார்ந்து, மக்களோடு சேர்ந்து அவர்கள் ஃபோனில் வருவதைப் படிக்கிறோம். ஆறு வயதும் எழுபது வயதும் ஒரே பாயில். பாடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் அழுதுகொண்டே எழுதிய சொல்வதெழுதுதல்தான். ஒரு குரல் பதிவைப் போடுவோம். காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரு படத்தைக் காட்டுவோம். கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவே. ஒரே படத்துக்கு எத்தனை கதை என்று பார்த்ததும் மனிதர்கள் தங்கள் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கத் தொடங்குவார்கள்.

"எங்க அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கிலே ரெண்டு வகுப்பு எடு. தமிழ்க் குடும்பங்க நிறைய இருக்கு" என்றுதான் கல்பனா சொல்லியிருந்தாள். வேறு காரணம் இருப்பதை அவள் சொல்லவில்லை. அது முதல்நாள் சாப்பாட்டு மேசையில் தானாக வந்து உட்கார்ந்தது.

அவளுடைய மாமனார் சம்பந்தம், தஞ்சாவூர்ப் பக்கம். மத்திய அரசின் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அந்த வட்டாரத் தமிழர்களின் வாட்ஸப் குழுவை நடத்துபவர். கல்பனாவின் கணவர் வேலையாகப் புனே போயிருந்ததால், விருந்தாளியை உபசரிக்கும் பொறுப்பு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல உனக்குப் பல்லிச் சட்னி உண்டும்மா" என்றார், இட்லிப் பாத்திரத்தைப் பார்த்தபடி.

நான் அவர் எதிர்பார்த்தபடியே முகம் சுளித்தேன். மேசையின் மறுகோடியில் பேத்தி மித்ரா, எட்டாம் வகுப்பு, இந்தக் கதையை எத்தனாவது முறையாகவோ கேட்டுக் கண்ணை உருட்டினாள். "தாத்தா, மல்லீ ஸ்டார்ட் சேசாவா?" மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா என்கிறாள். தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ வரும்.

"பல்லின்னா இங்க வேர்க்கடலை" என்று முடித்தார் சம்பந்தம். "வந்த புதுசுல எல்லாருக்கும் ஒரு ஆட்டம் கண்டுடும். நான் நாற்பது வருஷமா தெலுங்கு பேசறேன். ஒரு சொல் தப்பா விழாது."

பிறகு அவரே ஃபோனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "இதையும் பாரு. வகுப்புக்கு உபயோகப்படும். இப்படித்தான் ஜனங்களை எச்சரிக்கை பண்ணணும்."

ஒரு படம். மாடியிலிருந்து எடுத்தது. தெருவில் ஒல்லியாக ஓர் ஆள் முதுகில் கோணிச் சாக்கோடு குனிந்து நடக்கிறார். கீழே தமிழில்: "பிள்ளையைச் சாக்கில் போட்டுத் தூக்கிச் செல்லும் ஆசாமி நமது பகுதியில். உஷார். கண்டால் விடாதீர்கள். நன்றி. வந்ததை அனுப்பியுள்ளேன்."

"இது ஒரு இடத்துல மட்டும் வந்ததில்லை" என்றார். "இங்க்லீஷ்ல வந்திருக்கு, பாரு. ஹிந்தியிலயும் வந்திருக்கு. மூணு குரூப். மூணு பேரும் பொய் சொல்லுவானா?"

கல்பனா எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

"அந்த ஆள் பேரு மல்லேஷ்" என்றாள், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள். "கீரைக்காரர். போவன்பள்ளி மார்க்கெட்லிருந்து கொண்டுவந்து இந்தத் தெருவிலே விக்கறவர். அவங்க அண்ணன் வந்துட்டிருந்தார். அவர் ஊருக்குப் போயிட்டதால இவர் வந்தார், ரெண்டு மாசமா. போன வாரம் அடுத்த லேஅவுட் கேட்ல வச்சு அடிச்சிட்டாங்கடி. ஃபோட்டோவைக் காட்டிக் காட்டி அடிச்சிருக்காங்க."

"அப்புறம்?"

"எனக்கு ஃபோன் பண்ணார். 'அக்கா, ராவச்சா?'ன்னு கேட்டார். வரலாமான்னு. ஞாயித்துக்கிழமை வரலாமா அக்கா, உங்க தெருவுக்கு மட்டுமாவது." அவள் குழாயை மூடினாள். "நான் இன்னும் பதில் சொல்லலை. என்னன்னு சொல்றது? வாங்கன்னு சொல்லி, ஏதாவது ஆச்சுன்னா? மாமாகிட்டச் சொன்னேன். ஆதாரம் இருக்குங்கறார்."

அன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மனிதருக்கு ஒரு பதில் வேண்டும். நான் எடுத்து வந்த பழைய படங்களையும் பழைய குரல்களையும் பையிலேயே விட்டுவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலை மல்லேஷைப் பார்க்கக் கிளம்பினோம். மெட்ரோவில் கல்பனாவும் நானும் பேசிய பேச்சில் இறங்க வேண்டிய பாரடைஸ் நிலையத்தைத் தவறவிட்டு, அமீர்பேட்டில் கூட்டம் எங்களைத் தூக்கி வெளியே வைத்தது. அங்கே யாரும் நடப்பதில்லை, கரைபுரள்கிறார்கள். முதுகுப் பை, அதற்குள் மடிக்கணினி, கையில் டிபன் டப்பா. கட்டடங்களுக்குச் சுவரே தெரியவில்லை. பயிற்சி நிலையங்களின் பலகை மேல் பலகை. ஒரு துண்டுப் பிரசுரத்தை வாங்கினால் ஐந்து கைகள் நீளுகின்றன.

தள்ளுவண்டியில் இட்லியும் பல்லிச் சட்னியும் சாப்பிட்டோம். வேர்க்கடலையின் இனிப்புக்குப் பின்னால் மிளகாய் மெல்ல ஏறுகிறது. எங்கள் ஊர்ச் சட்னி தொட்டவுடன் பேசிவிடும். இது கடைசி வாய் வரை காத்திருக்கிறது. பக்கத்தில் விடுதிப் பெண்கள் இருவர், எதிரே இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்துத் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்பனா அதை என் காதில் தமிழாக்கினாள்.

"அந்த முதல் மார்க் பையன் முகத்தைப் பாரு. அந்தக் கட்டடத்துலயும் அவன்தான் முதல் மார்க்."

"மூணாவது கட்டடத்துலயும் இருக்கான்."

"பாவம், எத்தனை இடத்துலதான் படிப்பான்!"

"படிக்கறதில்லடி, சிரிக்கறான். அதுக்குத்தான் ஆளு வச்சிருக்காங்க."

கையிலிருந்த பிரசுரத்தைக் கிண்ணமாக மடித்து, மிச்சச் சட்னியை அதில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனாள் ஒருத்தி. மூன்று இடத்தில் இருந்தால் நிஜம் என்று நேற்று கேட்டேன். மூன்று இடத்தில் இருப்பதால்தான் பொய் என்று இன்று கேட்கிறேன். அந்தப் பெண்களை அப்படியே உப்பலுக்குக் கூட்டிப் போய்விடலாம் போலிருந்தது.

அங்கிருந்து ஆட்டோ. இந்த ஓட்டுநர் தக்கனி உருது பேசுகிறவர். குறுக்குச் சந்தில் போகலாமே என்று கல்பனா சொன்னதற்கு, "நக்கோ மேடம், நக்கோ, உதர் லாரி கடா ஹை" என்று, அங்கே லாரி நிற்கிறது, வேண்டாமென்றார். பிறகு அவரே அந்தச் சந்தில் நுழைந்தார். லாரி நின்றது. "ஹவ், போலா நா?" நான் சொன்னேனே, ஆமாவா இல்லையா என்கிறார். அவர் சொன்னது நிஜமானதில் அவருக்கு இருந்த திருப்தியைப் பார்த்தபோது, நாங்கள் கால் மணி நேரம் அங்கே நின்றதில் வருத்தமே இல்லாமல் போயிற்று.

போவன்பள்ளி மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. காலடியில் முட்டைக்கோஸ் இலைகள் மெத்தையாகக் கிடந்தன. ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் வாடை நாசியில் வந்து குத்தும். இங்கே எல்லாம் ஈர வாடை, அறுத்த காம்பின் வாடை. கீரைப் பகுதியில், புளிச்சக்கீரைக் கட்டுகளின் நடுவே மல்லேஷ் உட்கார்ந்திருந்தார். மேலுதடு இன்னும் வீங்கியிருந்தது. வலது தோளைத் தூக்க முடியவில்லை. அவர் மனைவி லட்சுமி கட்டுகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். வெட்கப்படுகிறவராக இருந்தார். கீறல் விழுந்த ஃபோனில் தன் படத்தைத் தானே எங்களுக்குக் காட்டினார். அவருக்கும் யாரோ அதை அனுப்பியிருந்தார்கள்.

"பாருங்கக்கா" என்றார் கல்பனாவிடம், தெலுங்கில். அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இதுல சாக்கு தெரியுது. கீரை தெரியலை. அன்னைக்கு வெயில் ஜாஸ்தின்னு எல்லாத்தையும் உள்ளே தள்ளி வாயைக் கட்டிட்டேன். ரெண்டு கட்டு வெளியே நீட்டிட்டு இருந்திருந்தா யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க."

லட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "இவனா? சொந்தப் பிள்ளைங்களையே ஒரு நாள் தூக்கினதில்லை! அழுதா என் மடியில தள்ளிட்டு வெளியே போறவன். ஊரார் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து இவன் என்ன பண்ணுவான், சொல்லுங்க!"

மல்லேஷ் சிரிக்கப் போய் உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

போலீசில் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னால் அங்கேயும் நாலு பேர் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்றார். அந்தத் தெரு இல்லாவிட்டால் மார்க்கெட்டில் மூட்டை தூக்க வேண்டும். இந்தத் தோளோடு அது ஆகாது. அதனால்தான் கேட்டேன், ராவச்சா என்று.

லட்சுமி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சோள ரொட்டி, நெருப்பில் சுட்ட மிளகாயை நசுக்கிப் போட்ட புளிச்சக்கீரை. ரொட்டியைப் பிய்த்தால் மண் சட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம். எழும்போது கல்பனா சொன்னாள்: "நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள ஃபோன் பண்றேன், மல்லேஷ். ஆமான்னாலும் இல்லைன்னாலும் நானே சொல்றேன்."

திரும்பி வரும் வழியில் அவள் நிலையங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். இந்தமுறை சரியான நிலையத்தில் இறங்கினோம்.

சாயங்காலம் பார்க்கிங்கில் முதல் வகுப்பு. கார்களை நகர்த்திவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பொறியாளர்கள், ஒரு பல் மருத்துவர், ஓய்வு பெற்றவர்கள், டியூஷனிலிருந்து நேராக வந்த பிள்ளைகள். சம்பந்தம் முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஒழுங்கான மாணவர்.

சுவரில் பழுப்புக் காகிதத்தை ஒட்டினேன். "இந்தப் படம் யார் யாருக்கு வந்தது? வந்தவங்க பேரை எழுதுங்க. யார்கிட்ட இருந்து வந்ததோ, அவங்க பேருக்கு ஒரு அம்புக்குறி போடுங்க."

முதலில் தயக்கம். பிறகு விளையாட்டாகிவிட்டது. "ஏங்க, உங்களுக்கு நான் அனுப்பலை, உங்க வீட்டுக்காரரு அனுப்பினார்!" "நான் அனுப்பறதுக்கு முன்னாடியே நீ வாசிச்சிட்டியே, அது எப்படி?" பிள்ளைகள் ஓடி ஓடி அம்பு வரைந்தார்கள். ஜெயசீலி என்கிற நாகர்கோவில்காரப் பெண், பக்கத்துக் கட்டடத்து மூன்றாம் மாடி, எழுந்து நின்றாள். "இங்கிலீஷ்ல எழுதினது என் ஆபீஸ்ல கூட இருக்கவ. நான்தான் தமிழை வாசிச்சு அவளுக்கு அர்த்தம் சொன்னேன். ஹிந்தி அவ புருஷன்."

சம்பந்தத்தின் மூன்று குழுக்களும் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. இங்கிலீஷின் அம்பு ஜெயசீலிக்குப் போயிற்று. ஹிந்தியின் அம்பு இங்கிலீஷுக்குப் போயிற்று. ஜெயசீலியின் அம்பு தமிழ்க் குழுவுக்கு. எல்லாக் கோடுகளும் கடைசியில் ஒரு பெயரில் வந்து நின்றன.

"எனக்கும் வந்ததுதான்" என்றார் சம்பந்தம். "கீழயே போட்டிருக்கேனே, வந்ததை அனுப்பியுள்ளேன்னு."

"யார்கிட்ட இருந்து வந்தது, மாமா?" என்றாள் கல்பனா.

அவர் ஃபோனை மேலே தள்ளினார். இன்னும் மேலே தள்ளினார். பண்டிகை வாழ்த்துகளும் மருந்துக் குறிப்புகளும் ஓடின. எல்லாவற்றின் அடியிலும் அதே வரி. அவர் மகனின் பதவி உயர்வுக்கு அவர் எழுதியதன் அடியிலும் அதே வரி. அவர் கடிதம் எழுதிப் பழகிய காலத்தில் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார்களே, அதுபோல அடியில் அவர் கை அதைப் போட்டுவிடுகிறது. நானே எழுதினேன் என்று சொல்லிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம்.

"படத்தை யாரோ போட்டு, இந்த ஆள் புதுசா இருக்கானே, யாருன்னு கேட்டிருந்தாங்க" என்றார் கடைசியில். "அன்னைக்குத்தான் ஜெயசீலி ஒரு ஆடியோ அனுப்பினா. ஒரு அம்மா அழுதுண்டே பேசறா. ரெண்டையும் பொருத்திப் பார்த்தேன். தப்பா? ஆடியோ என்கிட்ட இருக்கு. நாளைக்குப் போட்டுக் காட்டறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

நான் ஜெயசீலியைப் பார்த்தேன். "நான் முழுசாக் கேக்கவே இல்லக்கா" என்றாள் தலையைக் குனிந்து. "எங்க பில்டிங் குரூப்ல வந்தது. அழற சத்தம் மொதல்லயே வந்துச்சு. பயந்து அப்படியே தள்ளிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். நேற்று வராதவர்களும் வந்திருந்தார்கள். கல்பனா தூணில் சாய்ந்து, ஃபோனைக் கையில் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். ஒன்பதுக்கு இன்னும் ஒரு மணி.

ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். "சொல்வதெழுதுதல். எந்த மொழியிலும் எழுதலாம். காதில் விழுந்ததை மட்டும்."

"மார்க் உண்டா?" என்றார் பல் மருத்துவர்.

"காப்பி அடிச்சா வெளியே" என்றாள் ஜெயசீலி.

சம்பந்தம் தன் ஃபோனைச் சிறிய ஒலிபெருக்கியில் இணைத்தார். ஒரு பெண்ணின் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சுகிறாள். பின்னால் குக்கர் விசில். பிறகு ஒரே மூச்சில், தெலங்கானாத் தெலுங்கில், "மா பில்லினி சஞ்சில ஏசுகொனி போயிண்டு!" மறுபடி அழுகை. முடிந்தது.

எனக்குச் சஞ்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே உடம்பு சிலிர்த்தது. எங்கள் பக்கத்தில் பைக்குச் சஞ்சி என்போம். வெளியூரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு தெரியாத மொழியின் நடுவில் என் வீட்டுச் சொல் வந்து நின்றவுடன், மிச்சமெல்லாம் தானாகப் புரிந்துவிட்டது. எழுதினேன்: எங்கள் பிள்ளையைச் சஞ்சியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தாள்களை மாற்றிக்கொண்டோம். என்னிடம் வந்தது பல் மருத்துவருடையது. அவரும் பிள்ளை என்று எழுதியிருந்தார். அந்த நிமிஷத்தில், ஆதாரம் என்று சம்பந்தம் சொன்னது ஆதாரமேதானோ என்று எனக்கே பயம் வந்தது. மல்லேஷின் வீங்கிய உதடு நினைவில் வந்து நின்றது.

அப்போது பிள்ளைகள் பக்கத்தில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். மித்ராவின் கையில் அவள் தாத்தாவின் தாள் இருந்தது. அவளுடைய தாள் தாத்தாவின் கையில். அதில் இங்கிலீஷில் ஒரு வரி. அவர் கண்ணாடியைச் சரிசெய்து அதை வாசித்தார். "எங்கள் பூனையை ஒருத்தன் பையில் போட்டுக் கொண்டுபோனான்."

"பூனையா?"

"பில்லி, தாத்தா! பில்லி அன்டே க்யாட்!" பிள்ளைகள் எல்லோருடைய தாளிலும் பூனைதான். ஒருவன் வால் கூட வரைந்திருந்தான்.

"சிரிக்காதே" என்றார் சம்பந்தம். அந்தக் குரலில் நாற்பது வருஷம் இருந்தது. "மறுபடி போடு."

போட்டோம். மா பில்லினி. மறுபடி. மா பில்லினி. அவர் காதை ஒலிபெருக்கியின் அருகில் கொண்டுபோனார். மறுபடி. அந்தப் பெண் எத்தனை தடவை அழுதாளோ, அத்தனை தடவையும் அவளுடைய பூனை போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை கேட்டபின் இனி அதைப் பிள்ளை என்று கேட்கவே முடியவில்லை. எப்படி அப்படிக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"மாமா" என்றாள் ஜெயசீலி, மெதுவாக, ஆனால் விடாமல். "நான் இங்க வந்த அன்னைக்குப் பல்லிச் சட்னி கதைய எனக்குச் சொன்னதே நீங்கதான்."

நான் என் தாளைத் தூக்கிக் காட்டினேன். "நானும் பிள்ளைன்னுதான் எழுதியிருக்கேன். இதுக்குத்தான் ஊர் ஊராப் போறேன்."

ஜெயசீலி அந்தப் பெண்ணுக்கே ஃபோன் செய்தாள். பத்மா, அவர்கள் கட்டடத்துத் தரைத்தளம். எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். பத்மாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு மூச்சுவிடாமல் பேசினாள். கொழுந்தன் தன் கடையில் எலித் தொல்லை என்று பூனையைப் பையில் போட்டுத் தூக்கிப் போய்விட்டான், கேட்காமல், கொள்ளாமல். மூன்றாம் நாள் அது தானே நடந்து வந்துவிட்டது. இப்போது ஸ்கூட்டர் சீட்டில் படுத்திருக்கிறது, பேசுகிறீர்களா?

மணி எட்டு நாற்பது. எல்லோரும் சம்பந்தத்தைப் பார்த்தார்கள். அவர் மேலே போய்விடுவார் என்று நினைத்தேன். செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டார். இரண்டு அடி நடந்தார். சுவரில் இருந்த பழுப்புக் காகிதத்தின் முன்னால் நின்றார். அம்புகள் எல்லாம் தன்னிடம் வருவதை முதல்முறையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"எழுதினா யாரும் படிக்க மாட்டா" என்றார். "பேசறேன். எப்படிப் பிடிக்கணும் இதை?"

மித்ரா ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக் காட்டினாள்.

"நான் சம்பந்தம் பேசறேன். சாக்கோட ஒருத்தர் ஃபோட்டோ போட்டிருந்தேன். அது தப்பு. அந்த அம்மா சொன்னது பூனை. என் காதுல பிள்ளைன்னு விழுந்தது. ஃபோட்டோல இருக்கறவர் மல்லேஷ், நம்ம தெருவுக்கு வர்ற கீரைக்காரர். ரெண்டையும் சேர்த்தது நான்." நிறுத்தினார். விரலை எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். "வந்ததை அனுப்பியுள்ளேன்னு போட்டிருந்தேன். யார்கிட்டேர்ந்தும் வரலை. நானே எழுதினது. இதையும் நானே சொல்றேன். யாருக்கு அதை அனுப்பினேளோ, அவாளுக்கு இதையும் அனுப்புங்கோ."

ஜெயசீலி இங்கிலீஷில் எழுதினாள், அதே இடத்தில் நின்றபடி. அவளுடைய அலுவலகத் தோழிக்கு ஃபோன் போட்டு, வரிக்கு வரி ஹிந்தி வாங்கினாள். பிள்ளைகள் சுவரின் அம்புகளைப் பார்த்துப் பார்த்து, யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லிப் பெரியவர்களைத் துரத்தினார்கள். போய்ச் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் ஒரு டிக். எல்லாவற்றுக்கும் டிக் விழவில்லை. சில கோடுகள் காகிதத்தின் ஓரத்துக்கு வெளியே, எங்களுக்குத் தெரியாத மனிதர்கள் வரை நீண்டிருந்தன. அடுத்த லேஅவுட்டின் காவலாளியின் ஃபோன் எண் யாரிடமும் இல்லை. சம்பந்தமே நடந்து போனார், நாங்களும் பின்னால் போனோம். அவர் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, காவலாளிக்காகத் தெலுங்கில் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் வாயில் வைத்துப் பார்த்துப் பிறகுதான் வெளியே விட்டார்.

ஒன்பதுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கல்பனா எண்ணைப் போட்டாள். சம்பந்தம் கையை நீட்டினார். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் மல்லேஷின் குரல் கேட்டது. "அக்கா?"

சம்பந்தம் தொண்டையைச் செருமினார். தான் யார் என்று சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி வெயிலில் நின்றோம். பிறகு அவர் சொன்னார்: "ராவச்சு, மல்லேஷ். ராவச்சு. நேனு கேட் தக்கர உண்டா." வரலாம். நான் கேட்டருகில் நிற்பேன்.

அன்று மல்லேஷ் வரவில்லை. எட்டு நாள் பயத்தை ஒரு ஃபோனில் இறக்கி வைக்க யாராலும் ஆகாது. சம்பந்தம் பதினோரு மணி வரை கேட்டில் நின்றுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டார். நான் மாலையில் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறியதும் முதல் காரியமாக, "தொந்தர" என்று மட்டும் சொன்னேன், கூட ஒன்றும் சேர்க்காமல். ஓட்டுநர் என்னைப் பாறைகளுக்கு நடுவே பறக்கவிட்டார்.

புதன்கிழமை காலை, ஈரோட்டில் நான் அரைத்த சட்னிக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தபோது, கல்பனாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கேட்டின் முன்னால் சாக்கு. பக்கத்தில் மல்லேஷ். அவருக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில், இரண்டு கையிலும் கீரைக் கட்டோடு சம்பந்தம்.

எங்கள் குழுவுக்கு உடனே அனுப்ப விரல் போயிற்று. அடுப்பை அணைத்துவிட்டுக் கல்பனாவைக் கூப்பிட்டேன். "இது எப்ப எடுத்தது? யார் எடுத்தது?"

"இப்பத்தாண்டி, நான்தான். வாத்தியாரம்மா!"

"மல்லேஷ்கிட்டக் கேட்டியா, மத்தவங்களுக்குக் காட்டலாமான்னு?"

கேட்கவில்லை. ஃபோன் கை மாறும் சத்தம் கேட்டது. கல்பனா தெலுங்கில் கேட்கிறாள். மல்லேஷ் எதையோ திருப்பிக் கேட்கிறார். சம்பந்தத்தின் சிரிப்பு. பிறகு கல்பனா லைனுக்கு வந்தாள்.

"அனுப்பலாங்கறார். ஆனா மொதல்ல படத்தை நல்லாப் பாருங்கறார். கீரை தெரியுதா?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கின் வாய் அகலமாகத் திறந்திருந்தது.

"தெரியுதுன்னு சொல்லு" என்றேன்.